கேசட் போனால் போகட்டும், பம்பரம் ஏன் போனது?

ஒரு கேசட், பக்கத்தில் ஒரு பென்சில். 'இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரிந்தால் நீங்களும் எங்கள் காலத்து ஆள்தான்' என்று எழுதிய படம் வருடக்கணக்காகக் கைமாறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதே வரிசையில் விரலை விட்டுச் சுழற்றும் டெலிபோன், பிலிம் சுருள், டிரான்சிஸ்டர் ரேடியோ, மை ஊற்றும் பேனா, கோலிக்குண்டு, பம்பரம், பட்டம், அஞ்சாங்கல் எல்லாம் வந்து நிற்கும். பார்த்தவர்கள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்தவருக்கு அனுப்பிவைப்பார்கள்.

அந்தப் பட்டியலை நானும் ரசிப்பவன்தான். ஆனால் அதில் இரண்டு விதமான இழப்புகள் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன என்பது என் எண்ணம். கேசட்டும் டயல் போனும் காலாவதியானவை. அவற்றைவிட வசதியான ஒன்று வந்தது, அவை விடைபெற்றன. பம்பரத்துக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அதைவிட நல்ல பம்பரத்தை யாரும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆணி தேய்ந்துபோகவில்லை, சாட்டைக்குக் கயிறு கிடைக்காமல் போகவில்லை. பொருள் அப்படியே இருக்க, அதைச் சுற்றி இருந்த ஏதோ ஒன்று காணாமல் போயிருக்கிறது. முதல் வகை இழப்பை நினைத்து ஏங்குவது இனிமையான விஷயம், அதோடு விட்டுவிடலாம். இரண்டாவது வகையை அப்படி விட்டுவிட முடியாது.

முதலில் கேசட். பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அதை அறிமுகப்படுத்தியது. உள்ளே இருக்கும் நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். கணக்குப் போட்டால், 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் பாடி முடிக்க சுமார் 86 மீட்டர் நாடா ஓட வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பெட்டிக்குள் அவ்வளவு நீளம். சில சமயம் பாட்டு திடீரென்று குழறும். இழுத்து இழுத்துப் பாடும், பிறகு நின்றேபோகும். மூடியைத் திறந்தால் பழுப்பு நாடா ரப்பர் உருளையில் சுற்றிக்கொண்டு கிடக்கும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துவிடும். உருளையைப் பின்பக்கமாக விரலால் திருப்பித் திருப்பி, சுருக்கம் விழாமல் நாடாவை எடுக்க வேண்டும். எடுத்ததை உள்ளே சுற்றுவதற்குத்தான் பென்சில். கேசட்டின் சக்கரத்தில் 6 பற்கள், பென்சிலுக்கு 6 பட்டைகள். ஒன்றுக்காக மற்றொன்றைச் செய்ததாகத் தெரியவில்லை, ஆனால் கச்சிதமாகப் பொருந்தின. பதிவை யாரும் அழித்துவிடக் கூடாது என்றால் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தக்கையை உடைத்துவிட வேண்டும். மனம் மாறினால் அந்தப் பள்ளத்தின் மேல் செல்லோடேப் ஒட்டினால் போதும், மறுபடியும் பதியலாம்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவும் தெரிந்திருந்தது என்பதுதான் இதில் என்னைக் கவர்வது. யாரும் உட்கார்ந்து பாடம் நடத்தவில்லை. பொருள் தன் வேலையை வெளியே காட்டிக்கொண்டிருந்தது, பார்த்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். டயல் போனும் அப்படித்தான். 1ஐச் சுழற்றினால் ஒரு மின்துடிப்பு, 9ஐச் சுழற்றினால் ஒன்பது, 0 என்றால் பத்து. நொடிக்குப் பத்துத் துடிப்புகள் என்பதுதான் பொதுவான வேகம். ஆகவே 0 போட்டால் டயல் முழுச் சுற்றுத் திரும்பி வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். எந்த எண் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று காதே சொல்லிவிடும். இன்றைய தொடுதிரைக்குள் நடப்பது இதைவிட ஆயிரம் மடங்கு நுட்பமானது, ஆனால் கண்ணுக்கோ காதுக்கோ கைக்கோ அது எதையும் காட்டாது. கெட்டுப்போனால் பென்சிலோடு உட்கார வழியில்லை.

கை கற்றது அவ்வளவு சீக்கிரம் போவதும் இல்லை. ஒரு சம்பவத்தை நினைவில் வைத்திருப்பதும் ஒரு செய்கையை நினைவில் வைத்திருப்பதும் மூளையில் வேறு வேறு ஏற்பாடுகள். சைக்கிள் ஓட்டுவது, சாட்டை சுற்றுவது போன்ற பழக்கங்களைச் சிறுமூளையும் மூளையின் ஆழத்தில் உள்ள சில பகுதிகளும் பார்த்துக்கொள்கின்றன. அதனால்தான் எந்த வகுப்பில் யார் பக்கத்தில் உட்கார்ந்தோம் என்பது மறந்துபோனவர்களும், பம்பரம் கையில் கிடைத்தால் யோசிக்காமல் சாட்டையைச் சுற்றத் தொடங்கிவிடுகிறார்கள்.

போனதை நினைத்து ஏங்கும் இந்த ஏக்கத்தை ஒரு காலத்தில் நோயாகவே கருதினார்கள். 1688இல் பாசல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த யோகான்னஸ் ஹோஃபர், வீட்டை விட்டு வெகுதூரம் போனவர்களுக்கு வரும் வாட்டத்தை ஒரு நோயாக விவரித்து ஆய்வேடு எழுதினார். அந்தப் பார்வை நெடுங்காலம் நீடித்தது. அது மாறியது சமீபத்தில்தான். இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டின் செடிகிடிஸ், டிம் வில்ட்ஷுட் முதலானோர் 2006 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. பழைய நினைவுகளில் மூழ்கச் சொன்ன பிறகு, மற்றவர்களோடு தமக்குள்ள நெருக்கத்தை மனிதர்கள் கூடுதலாக உணர்கிறார்கள். தனிமை உணர்வு அந்த நினைவுகளைத் தட்டி எழுப்புகிறது. அந்த நினைவுகளே தனிமையைக் கொஞ்சம் ஆற்றவும் செய்கின்றன. அவர்கள் சேகரித்த நினைவுகளில் பெரும்பாலும் நினைப்பவர் நடுவில் இருக்கிறார், சுற்றிலும் அவருக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பொருள் தனியாக நிற்பது குறைவு. கேசட்டைப் பார்த்ததும் கண் கலங்குகிறது என்றால், அந்தக் கேசட்டைப் பதிந்து கொடுத்தவர் ஒருவர் எங்கோ இருந்திருப்பார்.

வாசனைக்கு இதில் தனி இடம் உண்டு. பார்ப்பதும் கேட்பதும் மூளையின் நடுவே தாலமஸ் என்ற பகுதி வழியாகத்தான் உள்ளே போகின்றன. வாசனை அந்தச் சுற்றுவழியில் போவதில்லை. உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு அது குறுக்கு வழியிலேயே போய்ச் சேர்கிறது. சொல்லோ படமோ தூண்டும் நினைவுகள் பெரும்பாலும் பதின்வயதையும் இருபதுகளையும் சேர்ந்தவை. வாசனை தூண்டுபவை பெரும்பாலும் 10 வயதுக்கு முந்தியவை என்று ஆய்வுகள் சொல்கின்றன. பழைய புத்தகத்தைத் திறந்ததும் வரும் அந்த மெல்லிய மணம், காகிதத்தில் உள்ள லிக்னின், செல்லுலோஸ் போன்றவை மெல்லச் சிதைவதால் வருவது. காகிதம் அழிந்துகொண்டிருப்பதன் அடையாளம் அது. நமக்கு அதுதான் பள்ளி நாட்களைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறது.

நினைவு நடுநிலையான சாட்சி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கெட்ட அனுபவங்களோடு வந்த கசப்பு, நல்ல அனுபவங்களோடு வந்த இனிப்பைவிட வேகமாக மங்குகிறது என்பது உளவியலில் பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம். ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளாமல் விரட்டப்பட்டது, பெரிய பையன்கள் கோலியைப் பிடுங்கிக்கொண்டது, முழங்கால் தோல் உரிந்தது எல்லாம் நடந்தவைதான். அவற்றின் வலி வடிந்துவிட்டது, சிரிப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆகவே 'எங்கள் காலம்தான் பொற்காலம்' என்ற தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

காலாவதியான பொருள்களைப் பற்றி இனி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. ஏக்கம் போதுமான அளவு சேர்ந்தால் சந்தையே அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறது. இசைத்தட்டு செத்துவிட்டது என்று ஒரு காலத்தில் எல்லோரும் முடிவுகட்டினார்கள். 2022இல் அமெரிக்காவில் சுமார் 4.1 கோடி இசைத்தட்டுகள் விற்றன, குறுந்தகடுகள் 3.3 கோடிதான். 1987க்குப் பிறகு எண்ணிக்கையில் இசைத்தட்டு முந்தியது அதுவே முதல் முறை. தனியாக ஒருவர் வாங்கி, தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து கேட்டால் அந்த அனுபவம் பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிடும். பம்பரத்தையும் வாங்கலாம்தான். கூட நின்று குத்த நாலு பேரை எங்கே வாங்குவது?

இந்த விளையாட்டுகளின் வயதைப் பார்த்தால்தான் நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று உறைக்கும். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு சுடுமண் சிற்பம் இருக்கிறது. இத்தாலியின் கப்புவா பகுதியில் கிடைத்தது, கிறிஸ்து பிறப்பதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்னால் செய்தது. இரண்டு பெண்கள் குந்தி உட்கார்ந்து, விலங்கின் கணுக்கால் எலும்புகளை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க அறிஞர் போலக்ஸ், ஐந்து கற்களை மேலே எறிந்து புறங்கையில் ஏந்தும் ஆட்டத்தை எழுதிவைத்திருக்கிறார். 1560இல் பீட்டர் ப்ரூகல் தீட்டிய 'குழந்தைகள் விளையாட்டு' ஓவியம் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 200க்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரு நகரத்தின் தெருவையும் சதுக்கத்தையும் நிறைத்துக்கொண்டு 80க்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடுகிறார்கள். பம்பரம் இருக்கிறது, வளையம் உருட்டுவது இருக்கிறது, பச்சைக்குதிரை தாண்டுவது இருக்கிறது, கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவது இருக்கிறது. இடது பக்கக் கீழ் மூலையில் இருவர் அதே எலும்பாட்டம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கேசட் கோலோச்சியது ஏறக்குறைய முப்பது ஆண்டுகள். அஞ்சாங்கல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. பேரரசுகள் போயின, மொழிகள் மாறின, பிள்ளைகள் கல்லை மேலே எறிந்து பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்த ஆட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது? கற்களைத் தரையில் சிதறவிட்டு, ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கல்லை எடுப்பது என்பதிலேயே ஆட்டம் தொடங்கிவிடுகிறது. எடுக்கும்போது பக்கத்துக் கல் அசைந்தால் ஆட்டம் போச்சு. எடுத்த கல்லை மேலே எறிந்து, அது கீழே வருவதற்குள் தரையில் ஒன்றை அள்ளி, வருவதையும் பிடிக்க வேண்டும். அடுத்த சுற்றில் இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, பிறகு நான்கையும் ஒரே வாரலில். கண் மேலே போகிற கல்லில் இருக்கும், விரல் தரையில் இருக்கும் கல்லைத் தேடும். அதிக உயரம் எறிந்தால் நேரம் கிடைக்கும், ஆனால் கல் விலகிப்போகும். குறைவாக எறிந்தால் நேராக வரும், நேரம் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவே தன் கைக்கு ஏற்ற உயரத்தை ஒவ்வொரு பிள்ளையும் தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் ஐந்தையும் எறிந்து புறங்கையில் ஏந்துவது. விரல்களைக் கொஞ்சம் உயர்த்தி, நடுவில் ஒரு குழி விழுமாறு வைத்துக்கொண்டால் கல் தங்கும். அந்த நுணுக்கத்தை ஒரு பெரிய அக்காதான் சின்னவளுக்குக் காட்டித்தருவாள்.

அந்த அக்காவிடம்தான் விஷயம் இருக்கிறது. இந்த ஆட்டங்களைப் பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது குறைவு, பிள்ளைகள்தான் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறார்கள். பிரிட்டனில் ஐயோனா ஓபி, பீட்டர் ஓபி என்ற தம்பதி பல ஆயிரம் பள்ளிப்பிள்ளைகளிடம் கேட்டுத் தொகுத்து 1959இலும் 1969இலும் வெளியிட்ட பெரிய நூல்கள் இதை விரிவாகக் காட்டுகின்றன. பெரியவர்கள் கண்ணில் படாமலேயே ஓர் உலகம் தன் சட்டங்களோடும் பாட்டுகளோடும் சபதங்களோடும் கைமாறி வந்துகொண்டிருந்தது. யார் முதலில், எது கோடு, கோட்டைத் தொட்டால் அவுட்டா இல்லையா என்று சண்டை வரும். நடுவர் கிடையாது. சண்டையை முடிக்காவிட்டால் ஆட்டம் நின்றுபோகும், ஆகவே முடித்துக்கொள்வார்கள். தோற்றுக்கொண்டே இருப்பவன் கோபித்துக்கொண்டு போய்விட்டால் ஆள் குறையும், ஆகவே பெரியவன் கொஞ்சம் விட்டுக்கொடுப்பான். இத்தனையும் ஆட்டத்துக்குள்ளேயே நடந்தது.

அப்படியானால் பிள்ளைகள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தந்த இந்தச் சங்கிலி அறுந்தது எப்படி? கைபேசியைக் காட்டுவதுதான் எல்லோருக்கும் வசதி. எனக்கு அது பாதி உண்மைகூட இல்லை என்று தோன்றுகிறது. இங்கிலாந்தில் மேயர் ஹில்மனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கணக்கு எடுத்தார்கள். 1971இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 சதவீதம். அந்த 19 ஆண்டுகளில் தொடுதிரைக் கைபேசி என்ற ஒன்றே உலகத்தில் இல்லை. இணையம் பொதுமக்களுக்கு வரவில்லை. தெருவைப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது வாகனம். வாகனம் வந்ததால் பயம் வந்தது, பயத்தால் பிள்ளைகளையும் வாகனத்தில் ஏற்றினார்கள், அதனால் வாகனம் இன்னும் பெருகியது. கைபேசி வந்தபோது பிள்ளைகள் ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தார்கள். காலியாகக் கிடந்த நேரத்தில் அது வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு அவர்கள் வெளியே வராமல் பிடித்துவைத்துக்கொண்டதும் உண்மைதான்.

குடும்பம் சிறுத்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1960களில் உலக அளவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகள். இன்று இரண்டைக் கொஞ்சம் தாண்டுகிறது. பல காரணங்களால் அது நல்ல மாற்றம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கண்ணாமூச்சிக்கு ஆள் வேண்டும். முன்பு இரண்டு வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தாலே ஒரு கூட்டம். இப்போது கூட்டம் சேர எட்டு வீடு தேவை. அந்த எட்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சும்மா இருக்க வேண்டும். ஒன்று நீச்சலுக்கும் ஒன்று டியூஷனுக்கும் ஒன்று பாட்டு வகுப்புக்கும் போய்விட்டால், மிச்சமிருப்பது தனியாக நின்று பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிடும். போகிற வகுப்புகளிலும் வயது வாரியாகப் பிரித்துத்தான் உட்காரவைக்கிறார்கள். ஏழு வயதும் பதினொரு வயதும் ஒன்றாக இருந்து ஒரு வேலையும் இல்லாத மாலைப் பொழுது என்பது அரிதாகிவிட்டது. அஞ்சாங்கல் அக்கா காணாமல் போனது அங்கேதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விளையாட்டுகள் அழிகின்றன என்று புலம்புவதே காலம்காலமாக வந்துகொண்டிருக்கும் ஒரு மரபுதான் என்று ஓபி தம்பதி அன்றே சுட்டிக்காட்டியிருந்தார்கள். பள்ளி இடைவேளையில் போய்ப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் நியாயம் இருப்பது தெரியும். கைதட்டிப் பாடும் ஆட்டங்கள், ஓடிப்பிடிப்பது, யார் 'அவுட்' என்று எண்ணிப் பார்க்கும் சந்தப் பாடல்கள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. அவற்றுக்குப் பதினைந்து நிமிடமும் சுவரோரம் கொஞ்சம் இடமும் போதும். போனவை, தெரு வேண்டியவையும் மணிக்கணக்கில் நேரம் வேண்டியவையும் பல வயதுக்காரர்கள் வேண்டியவையும்தான். பம்பரத்துக்கு மண்தரை வேண்டும், பட்டத்துக்குக் கம்பி இல்லாத வானம் வேண்டும், கோலிக்குக் குழி தோண்ட அனுமதி வேண்டும். இருப்பது எது, போனது எது என்று பிரித்துப் பார்த்தாலே காரணம் கையில் வந்துவிடுகிறது. பிள்ளைகளின் ரசனை மாறியதால் போனவை அல்ல இவை.

உலக அமைப்புகளுக்கும் இது தெரிந்தே இருக்கிறது. 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. 2013இல் அந்தப் பிரிவுக்கு ஐ.நா. குழு எழுதிய நீண்ட விளக்கவுரை, தடைகளை வரிசையாகச் சொல்கிறது: பாதுகாப்பற்ற சுற்றுப்புறம், பொது இடங்களில் பிள்ளைகள் இருப்பதைப் பெரியவர்கள் விரும்பாதது, படிப்பில் சாதிக்க வேண்டும் என்ற நெருக்கடி, நிமிடத்துக்கு நிமிடம் திட்டமிட்ட நாள். மின்னணுச் சாதனங்களும் பட்டியலில் உண்டு, ஆனால் அவை பலவற்றில் ஒன்று. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 2009இல் அக்கம்பக்கத்துப் பெற்றோர் சிலர், தங்கள் தெருவைச் சில மணி நேரம் வாகனங்களுக்கு மூடிவிட்டுப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். அந்த முயற்சி பிற நகரங்களுக்கும் பரவியது. அவர்கள் விளையாட்டுச் சாமான் எதையும் வாங்கிக் கொடுத்து ஆரம்பிக்கவில்லை. தெருவையும் நேரத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

இதில் அவசரமும் ஒன்று இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை ஆறு வயதுப் பிள்ளைக்குக் கற்றுத்தந்து, அந்த ஆறு வயது பத்தாகி அடுத்த ஆளுக்குக் கற்றுத்தருவது என்றால், இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியின் நீளம் நான்கைந்து ஆண்டுகள்தான். ஒரு தெருவில் அவ்வளவு காலம் ஆட்டம் நின்றுபோனால், அதற்கு அடுத்து வரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தெரிந்த பிள்ளை அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். பிறகு மிஞ்சியிருப்பது பெரியவர்களின் கை மட்டும். சாட்டை சுற்றத் தெரிந்த அந்தக் கைகளுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.